ஹீரோ முகத்தில் சுருக்கம் போட்ட ஓவியர்!

உங்க ரூம் சுவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. ஒரு போஸ்டராவது ஒட்டியிருப்பீங்க. சினிமா ஸ்டாரோ, கிரிக்கெட் வீரரோ... யாராக இருந்தாலும் அந்த முகத்தில் ஒரு பரு இருக்கா? கண்ணுக்குக் கீழே கருவளையம்? நிச்சயமா இருக்காது. ஐம்பது வயசு ஹீரோகூட போஸ்டரில் இருபத்தஞ்சுதான்!

இப்போ ஒரு கேள்வி. உங்க ஹீரோவோட தொங்கும் தாடை, கோணல் மூக்கு, நெற்றிச் சுருக்கம் எல்லாத்தையும் அப்படியே வரைந்து ஒருத்தர் போஸ்டர் போட்டா, காசு கொடுத்து வாங்குவீங்களா?

பதிலை மனசுக்குள்ளேயே வெச்சுக்குங்க. கடைசியில் கேட்கிறேன். ஏன்னா, இதே கேள்வியை ஜப்பானில் ஒரு ஓவியர் 1794-லேயே ரசிகர்களிடம் கேட்டுவிட்டார். அவர் பெயர் டோஷூசாய் ஷாரகு. பத்தே பத்து மாதம்தான் அவருடைய கலை வாழ்க்கை. அதுக்குள் 140-க்கும் அதிகமான படங்கள். அப்புறம்... ஆளே காணோம்!

யாரு பாஸ் இந்த ஷாரகு? எங்கே இருந்து வந்தார்? ஏன் போனார்? சொல்றேன், வாங்க.

நூடுல்ஸ் விலையில் ஸ்டார்!

இன்றைய டோக்கியோவுக்கு அன்றைக்குப் பெயர் எடோ. ராஜ்ஜியத்தை நடத்தியது ஷோகன் என்ற ராணுவத் தலைவர். ஆனால் ஜனங்களின் மனசை ஆண்டது கபுகி நடிகர்கள்!

கபுகி என்பது பாட்டு, நடனம், சண்டை, சென்டிமென்ட் எல்லாம் கலந்த மேடை நாடகம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். சாப்பாடு, டீ எல்லாம் உள்ளேயே. உச்சக்கட்டத்தில் நடிகர் அப்படியே சிலை மாதிரி உறைந்து, கண்ணை உருட்டி, ஒரு போஸ் கொடுப்பார். அதற்கு 'மியே' என்று பெயர். அந்த விநாடியில் கூட்டத்தில் இருந்து அவர் பெயரைச் சொல்லிக் குரல் கிளம்பும். முதல் நாள் முதல் ஷோ பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

இந்தக் கபுகியைத் தொடங்கி வைத்தது ஒரு பெண். 1603 வாக்கில் கியோட்டோவில் ஆடிய ஒகுனி. ஆனால் பெண்கள் மேடையேறக் கூடாது என்று 1629-ல் அரசு தடை போட்டது. அப்புறம் இளைஞர்கள் பெண் வேஷம் கட்டினார்கள். அதற்கும் 1652-ல் தடை. முன்நெற்றி முடியை மழித்த, வளர்ந்த ஆண்கள் மட்டும்தான் நடிக்கலாம் என்றார்கள். சரி என்று நடிகர்கள் மழித்த இடத்தை ஊதாத் துணியால் மறைத்துக்கொண்டு பெண்ணாக நடித்தார்கள். இவர்களுக்கு 'ஒன்னகாட்டா' என்று பெயர். இவர்களின் உடை, நடை, கொண்டையைப் பார்த்து நிஜப் பெண்களே காப்பி அடித்தார்கள் என்றால் பார்த்துக்குங்க!

ரசிகர் குழுக்கள் உண்டு. நடிகர்களுக்கு ரேங்க் போடும் புத்தகங்கள் வருஷா வருஷம் வரும். இவ்வளவு கிரேஸ் இருந்தால் போஸ்டர் இல்லாமல் இருக்குமா? இருந்தது. அதுதான் மரக்கட்டை அச்சுப்படம். சாதாரணப் படம் ஒன்றின் விலை, தெருக்கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்குப் பக்கத்தில்தான். புது நாடகம் வந்ததும் சுடச்சுட கடையில் தொங்கும். ரசிகர் வாங்கிக்கொண்டு போவார். நாடகம் முடிந்தால் படத்தின் மவுசும் முடிந்தது. ஆர்ட் கேலரி, கண்ணாடி ஃப்ரேம் எல்லாம் அப்போது யார் கனவிலும் இல்லை.

ஒரு படம்... நாலு பேர்!

ஜப்பானிய அச்சுப்படம் என்றதும், ஓவியர் உட்கார்ந்து பிரஷ்ஷால் கலர் அடித்திருப்பார் என்று நினைச்சீங்களா? அதுதான் இல்லை. இது ஒரு டீம் ஒர்க்.

முதலில் பதிப்பாளர். எந்த நடிகர், எத்தனை படம், எவ்வளவு செலவு என்று முடிவெடுப்பவர் அவர்தான். நம்ம பாஷையில் தயாரிப்பாளர்! அடுத்து ஓவியர். மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் வரைந்து கொடுப்பார். மூன்றாவது, செதுக்குபவர். அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகை மேல் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் மேடாக விட்டு மிச்சத்தைச் செதுக்கி எடுப்பார். இதில் ஓவியர் வரைந்த ஒரிஜினல் அப்படியே அழிந்துவிடும். ஆமாங்க, அச்சு பிறக்க ஓவியம் சாக வேண்டும்!

அப்புறம் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிப் பலகை. நாலாவது ஆளான அச்சடிப்பவர் பலகையில் கலரைத் தடவி, மல்பெரி வகை மரப்பட்டையில் செய்த தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான ஒரு தேய்ப்பானால் தேய்ப்பார். அடுத்த பலகை, அடுத்த கலர். தாள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் கலர் கோட்டைத் தாண்டி வழியும். அதைத் தடுக்கப் பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாள வெட்டுகள். தாளின் மூலையையும் விளிம்பையும் அதில் பொருத்தினால் போதும். எத்தனை கலர் அடித்தாலும் அதே இடத்தில் விழும். 1765-ல் முழு வண்ணப் படங்கள் வந்து கலக்கியதற்கு இந்தச் சின்ன வெட்டுகள் பெரிய காரணம்.

கையில் விலங்கு... கல்லாவில் பாதி காலி!

இப்போ கதைக்குள் தயாரிப்பாளர் வருகிறார். பெயர் சுதயா ஜூசாபுரோ. எடோவின் செம டேஸ்ட் உள்ள பதிப்பாளர். அழகிகளை வரைந்து பெயர் வாங்கிய உதமாரோவை வளர்த்துவிட்டவர்.

ஆனால் நேரம் சரியில்லை. 1787-ல் இருந்து அரசு சிக்கனத் திட்டம் கொண்டு வந்தது. ஆடம்பரம் கூடாது, ஆபாசம் கூடாது, அரசைக் கிண்டல் பண்ணவே கூடாது. 1791-ல் சான்டோ கியோடன் என்ற எழுத்தாளர் எழுதிய புத்தகங்களுக்காக, அவருக்கு 50 நாள் கைவிலங்கு. அவற்றை வெளியிட்ட சுதயாவுக்கு? சொத்தில் பாதி அபராதம்!

நாடகக் கொட்டகைகளும் நொடித்துப் போயிருந்தன. அரசு அனுமதி பெற்ற மூன்று பெரிய அரங்குகளும் கடனில் மூழ்கி மூடிவிட, அவற்றுக்குப் பதிலாக மியாகோ-சா, கிரி-சா, கவராசாகி-சா என்ற மூன்று மாற்று அரங்குகள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் புத்திசாலி வியாபாரி என்ன செய்வார்? பெயர் பெற்ற ஓவியரை வைத்து, பெரிய ஸ்டாரை அழகாக வரையச் சொல்லி, பத்திரமாகக் காசு பார்ப்பார். சுதயா என்ன செய்தார் தெரியுமா? யாருக்குமே தெரியாத ஒரு புதுமுகத்தைப் பிடித்தார். ஒன்றிரண்டு இல்லை, 28 படங்களை ஒரே வீச்சில் இறக்கினார். எல்லாமே பெரிய சைஸ். எல்லாமே முகத்தை நெருக்கிக் காட்டும் குளோசப். பின்னணியில் பளபளக்கும் கறுப்பு! மைக்கா தூள் கலந்து அடித்தது. கிராமத்தில் காக்காப்பொன் என்பார்களே, அதேதான். தாளைக் கையில் எடுத்துச் சாய்த்தால் பின்னணி வெள்ளி மாதிரி மின்னும். முகம் மட்டும் முன்னால் எழுந்து வரும்.

1794, ஐந்தாம் மாதம். ஷாரகு ரிலீஸ்!

பல்லைக் கடிக்கும் வில்லன்

அந்த 28-ல் உலகம் முழுக்கத் தெரிந்த முகம் ஒன்று உண்டு. மூன்றாம் ஒதானி ஒனிஜி என்ற நடிகர், எடோபே என்ற அடியாளாக. கியோட்டோ ஆற்றங்கரையில், இப்பே என்ற வேலையாள் வைத்திருக்கும் பணத்தைப் பறிக்கப் பாயும் காட்சி. கழுத்து முன்னால் நீள்கிறது. வாய் இறுகிக் கோணுகிறது. கண்மணி இரண்டும் மூக்கை நோக்கிச் சுருங்குகிறது. மார்புத் துணிக்குள் இருந்து இரண்டு கைகளும் விரல்களை விரித்துக்கொண்டு வெளியே வருகின்றன.

அந்தக் கைகளைக் கவனிங்க. உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் குட்டியாக இருக்கும். வரையத் தெரியலையோ என்று தோணும். ஆனால் கொஞ்சம் நேரம் பாருங்க. அந்த விரல்களில்தான் பேராசை இருக்கு. ஓவியருக்கு அளவு முக்கியமில்லை. அந்த விநாடி முக்கியம்.

பணத்தைப் பறிகொடுக்கப் போகும் இப்பேவுக்கும் தனிப்படம் உண்டு. நடித்தவர் இச்சிகாவா ஒமேசோ. வாளின் பிடியில் கை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு சண்டைக் காட்சியே ரெடி!

அதே நாடகத்தில் மகள் செய்த தவறுக்காக உயிரை விடும் அப்பா பாத்திரம். நடித்தவர் இச்சிகாவா எபிசோ. ஐந்தாம் டான்ஜூரோ என்ற பட்டத்தோடு எடோவையே ஆண்ட சூப்பர் ஸ்டார். பட்டத்தை 1791-ல் மகனுக்குக் கொடுத்துவிட்டவர். 1794-ல் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஷாரகு அதை மறைக்கவே இல்லை. சுருக்கம் சுருக்கமாக, மூக்கு மூக்காக, கோத்த கைகளோடு ஒரு கிழவனின் தவிப்பு.

இதையாவது ரசிகர்கள் பொறுத்திருப்பாங்க. பெரிய அடி வாங்கியது ஒன்னகாட்டாக்கள்தான். மற்ற ஓவியர்கள் அவர்களை அசல் பெண்ணாகவே, அழகு தேவதையாகவே வரைவார்கள். ஷாரகு வரைந்த மூன்றாம் செகாவா கிகுனோஜோவைப் பாருங்க. நாற்பது வயதைத் தாண்டிய ஆணின் கனத்த தாடை பவுடருக்குப் பின்னாலும் தெரியும். அதே சமயம், அந்த மனிதர் ஒரு பெண்ணாக மாற எவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் தெரியும். வேஷமும் ஆளும் ஒரே முகத்தில்!

இன்னொரு மேட்டர். ஸ்டார் படம்தான் விற்கும். துணை நடிகரை யார் வாங்குவாங்க? ஷாரகுவோ நகாஜிமா வதாயேமோன், நகாமுரா கொனோசோ என்ற இரண்டு சின்ன நடிகர்களை ஒரே தாளில் வரைந்தார். ஒருத்தர் ஒல்லிக்குச்சி, ஒருத்தர் குண்டு. சூப்பர் ஸ்டாருக்குக் கொடுத்த அதே பெரிய தாள், அதே விலை உயர்ந்த மைக்கா பின்னணி இவர்களுக்கும். நன்றாக நடித்தால் போதும், ரேங்க் எனக்குத் தேவையில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்!

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரேயடியாக ஃபிளாப் என்று சொல்லிவிட முடியாது. எடோபே மாதிரி சில படங்களுக்கு இன்றைக்கும் பல பிரதிகள் கிடைக்கின்றன. அப்படியென்றால் ஓரளவு விற்றிருக்கிறது. ஆனால் முணுமுணுப்பும் இருந்தது. அதே காலத்தில் வாழ்ந்த ஒதா நன்போ என்ற எழுத்தாளர், ஓவியர்களைப் பற்றிய தன் குறிப்பில் ஷாரகு பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான்: நடிகர்களை நிஜத்துக்கு ரொம்பவும் நெருக்கமாக வரையப் போய், இருக்கக் கூடாதபடி வரைந்துவிட்டார், அதனால் நீடிக்கவில்லை.

யோசிச்சுப் பாருங்க. திறமை போதாமல் தோற்றவர்கள் நிறைய பேர். நிஜம் அதிகமாகிப் போனதால் தோற்றவர் எத்தனை பேர்?

அதே 1794-ல் இன்னொரு இளைஞரும் களத்தில் இருந்தார். உதகாவா டோயோகுனி. வேறொரு பதிப்பாளருக்காக அவரும் நடிகர்களை வரைந்தார். கம்பீரமாக நிற்கும் முழு உருவம், வழுவழு முகம். ரசிகர்களுக்குப் பிடித்துப் போச்சு. அவருடைய சிஷ்யர்கள்தான் அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு நடிகர் படச் சந்தையையே கையில் வைத்திருந்தார்கள்.

ஷாரகுவின் படங்களோ மாறத் தொடங்கின. இரண்டாவது கட்டத்தில் 38 படங்கள். குளோசப் போய் முழு உருவம் வந்தது. மூன்றாவது கட்டத்தில் எண்ணிக்கை எகிறியது, தாள் ஒல்லியானது. முகங்களில் அந்தப் பழைய கூர்மை குறைந்துகொண்டே வந்தது. பதிப்பாளரின் நெருக்கடியா, ஓவியரின் களைப்பா, படங்களைப் பார்த்து நாமே யூகிக்க வேண்டியதுதான். 1795 முதல் மாதத்தில் சில படங்கள். அதோடு சரி. சுதயா 1797-ல் இறந்துபோனார்.

ஆள் யாருப்பா?

துப்பறியும் கதைப் பிரியர்களே, இது உங்க ஏரியா. ஷாரகு என்ற பெயரில் அதற்கு முன்பும் எதுவும் இல்லை, அப்புறமும் இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு தியரி. வேறு பெயரில் வரைந்த ஹொகுசாய் என்றார்கள். உதமாரோ என்றார்கள். விலங்கு மாட்டப்பட்ட கியோடன் என்றார்கள். சுதயாவே வரைந்துவிட்டார் என்றும் சொன்னார்கள்!

ஆனால் 1844-லேயே சைதோ கெஷின் என்பவர் ஒரு துப்பு எழுதி வைத்திருந்தார். ஷாரகுவின் நிஜப் பெயர் சைதோ ஜூரோபே. அவா பிரபுவிடம் சம்பளம் வாங்கிய நோ நாடக நடிகர். வசித்தது எடோவின் ஹச்சோபோரி பகுதியில். அப்படி ஒரு ஆளே கிடையாது, கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கினார்கள். 1997-ல் டோக்கியோவுக்குப் பக்கத்து சைதாமா மாநிலத்தில் ஒரு கோயிலின் இறப்புப் பதிவேடு வெளிச்சத்துக்கு வந்தது. அதில் அவா பிரபுவின் ஆளான சைதோ ஜூரோபே, ஹச்சோபோரிவாசி, 1820-ல் 58 வயதில் இறந்தார் என்று இருந்தது. அந்த மனிதர் நிஜமாகவே வாழ்ந்திருக்கிறார்! ஷாரகு அவர்தான் என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

இது உண்மை என்றால் ஒரு விஷயம் புரியும். நோ என்பது மேல்தட்டு வீரர்களுக்கான நாடகம். முகமூடி போட்டு ஆடுவது. கபுகி, சாமானியர்களின் கொண்டாட்டம். முகமூடிகளோடு வாழ்ந்த ஒரு நடிகர், பக்கத்துக் கொட்டகைக்குப் போய் இன்னொரு நடிகரின் முகத்தைப் பார்க்கிறார். மேக்கப்புக்கு அடியில் இருக்கும் ஆளை அவர் கண் விடுமா? எபிசோ நடித்த அந்த அப்பா பாத்திரம்கூட ஒரு நோ கலைஞர்தான். அந்தப் படத்தை வரையும்போது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்!

நூறு வருஷம் கழித்து கைதட்டல்

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிய அச்சுப்படங்கள் கட்டுக்கட்டாக ஐரோப்பாவுக்குப் போயின. வான்கோ வாங்கிக் குவித்தார். 1910-ல் யூலியுஸ் குர்ட் என்ற ஜெர்மானியர் ஷாரகுவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதன் பிறகுதான் சொந்த ஊரிலும் அவர் மவுசு கூடியது. 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தை எடுத்த ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன், 1929-ல் சினிமா பற்றி எழுதிய கட்டுரையில் ஷாரகுவின் அளவு மீறிய முகங்களை உதாரணமாக எடுத்துப் பேசினார். அந்தக் குட்டிக் கைகள் ஞாபகம் இருக்கா? அதேதான்!

சர்ப்ரைஸ் அதோடு நிற்கவில்லை. 2008-ல் கிரீஸ் நாட்டின் கோர்ஃபு தீவு அருங்காட்சியகத்தில் ஒரு விசிறி ஓவியம் ஷாரகு கையால் வரைந்தது என்று அடையாளம் காணப்பட்டது. அதில் இருப்பது 1795-ன் நடுவில் மேடையேறிய நாடகக் காட்சி. அதாவது, அச்சுப்படங்கள் நின்றுபோய் சில மாதம் கழித்தும் அவர் வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்! 2011-ல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் ஷாரகுவுக்கு மாபெரும் கண்காட்சி வைத்தது. மார்ச் நிலநடுக்கத்தால் தள்ளிப்போய், மே மாதம் திறந்தது. 2025-ல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி சுதயாவின் கதையையே வருஷம் முழுக்க ஓடும் 'பெராபோ' தொடராக எடுத்தது. சுதயாவாக நடித்த யோகோஹாமா ரியூசே, அதே வருஷம் 'கொகுஹோ' படத்தில் ஒன்னகாட்டாவாகவும் நடித்தார்.

இப்போ சொல்லுங்க!

நீங்களும் பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சிகாகோ கலைக்கழகமும் தங்களிடம் உள்ள ஷாரகு படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. செல்போனில் பெரிதாக்கிப் பாருங்க. முதலில் கண். அப்புறம் வாய்க் கோடு. அப்புறம் விரல். ஒரு முகத்துக்கு எவ்வளவு குறைவான கோடுகள் என்று எண்ணிப் பாருங்க, அசந்துடுவீங்க.

அப்படியே ஒரு பரீட்சையும் செய்து பாருங்க. உங்க நெருங்கிய ஃப்ரெண்டை, ஃபில்டர் இல்லாமல், பத்து நிமிஷம் உற்றுப் பார்த்து ஒரு தாளில் வரைங்க. வரைந்ததை அவரிடமே காட்டுங்க. முதல் ரியாக்ஷன் எப்படி இருக்கும்? "அடப்பாவி, நான் இப்படியா இருக்கேன்?" என்று கோபம் வரலாம். எடோ நடிகர்களுக்கும் ரசிகர்களுக்கும் வந்தது அதே கோபம்தான்.

எடோவில் வழுவழுவென்று வரையப்பட்ட முகங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. அந்த நடிகர்களில் பலரின் முகம் நமக்கு ஒன்றுதான், பெயரைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ஷாரகு வரைந்த ஒல்லிக்குச்சி துணை நடிகரை மட்டும், 230 வருஷம் கழித்து நேரில் பார்த்தாலும் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம்!

சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உங்க ஹீரோவை உள்ளது உள்ளபடி வரைந்த போஸ்டர், ஒரு பிளேட் நூடுல்ஸ் விலைக்குக் கடையில் தொங்குகிறது. வாங்குவீங்களா, மாட்டீங்களா?